போத்தலைத் திருப்பித் தரவும்

கண்டி ராச்சியம் வீழ்ந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். பிரதானி பிலிமத்தலாவையின் பேராசை, பிரதானி எகலப்பொலையின் கோபம், வெள்ளைக்காரனின் சூழ்ச்சி. எல்லாம் சரி, சோடாவைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. 1815 பெப்ரவரி 18ஆம் திகதி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மெத மகாநுவரப் பக்கத்து மலையில் பிடிபட்டான். பல்லேகலவிலிருந்து திகன, தெல்தெனியா என்று போகிற அதே திசைதான். அத்தனை மேடும் ஏறி இறங்கிய மனுஷனுக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுக்க ஆளில்லை. ஜெனீவாவில் ஷ்வெப் என்ற ஆள் சோடாக் கடை போட்டு அப்போதே 32 வருடம் ஆகியிருந்தது. ஆனால் கண்டியின் பாதுகாப்பே பாதை இல்லாததுதானே! எதிரி வர முடியாத ஊருக்குச் சோடாவும் வராது. கடைசியில் எதிரி வந்துவிட்டான், சோடாவுக்கு மேலும் சில காலம் பிடித்தது.

பிடிபட்ட ராஜாவின் பரம்பரை மதுரைப் பக்கத்து நாயக்கர் பரம்பரை. 1739 முதல் கண்டிச் சிம்மாசனத்துக்கு அந்தக் கரையிலிருந்துதான் ஆள் இறக்குமதி. நாலு ராஜாக்கள் வந்தார்கள். கடைசி ஆளை வெள்ளைக்காரன் வேலூர்க் கோட்டைக்குத் திருப்பி அனுப்பினான், 1832இல் அங்கேயே காலமானார். இந்தியாவிலிருந்து எடுத்த சரக்கை, உபயோகம் முடிந்ததும் இந்தியாவுக்கே திருப்பி அனுப்புவது என்ற வழக்கம் அன்று தொடங்கியது. அது பிறகு எங்கே போய் முடிந்தது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் காஸ்.

காஸ் வந்த கதை

தண்ணீரில் காஸ் அடைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் ஒரு பாதிரியார். ஜோசப் பிரீஸ்ட்லி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம், 1767. பக்கத்தில் பியர் காய்ச்சும் ஆலை. தொட்டியில் நுரைக்கு மேல் மிதக்கிற வாயுவைப் பார்த்து, அதைத் தண்ணீரில் கலந்து குடித்துப் பார்த்தார். பியர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்து தண்ணீரைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் உலக வரலாற்றில் அவராகத்தான் இருக்க வேண்டும். பாதிரியாருக்கு வியாபாரம் தெரியாது, ஷ்வெப்புக்குத் தெரியும். கண்டுபிடித்தவன் ஏப்பம் விட்டான், விற்றவன் சொத்துச் சேர்த்தான்.

இலங்கைக்கு வருவோம். கொழும்பில் ஐஸ் கம்பெனி தொடங்கியது 1866. பின்னாளில் அதுதான் நம் யானை மார்க் எலிபன்ட் ஹவுஸ். மறு வருடம், 1867, கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஏறி வந்தது. ரயிலைப் போட்டது கோப்பியை இறக்குவதற்கு. இரண்டு வருடத்தில் கோப்பிச் செடிகளில் துரு நோய் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டமே அழிந்தது. ரயில் மட்டும் மிஞ்சியது. கோப்பியை நம்பிப் போட்ட பாதையில் தேயிலை இறங்கியது, ஆட்கள் ஏறினார்கள், சோடாவும் ஏறியது.

அடுத்தது போத்தல். சோடா வியாபாரத்தில் சோடா ஒரு பிரச்சினையே இல்லை. தண்ணீர், சீனி, கலர், காஸ்: நாலையும் எந்தக் குசினியிலும் கலந்துவிடலாம். காஸை ஓட விடாமல் பிடித்து வைப்பதுதான் வித்தை. ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் அதற்கொரு வழி பண்ணினார். போத்தல் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே இருக்கிற காஸே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். கைதிக்கே காவல் வேலை கொடுத்த மாதிரி.

அந்தக் கோலி சோடா அடிப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். போத்தலில் முதலில் எசன்ஸ், பிறகு தண்ணீர். இரும்புக் கூட்டுக்குள் போத்தல்களைப் படுக்க வைத்து, சிலிண்டரைத் திறந்துவிட்டு, கைபிடியைச் சுற்றுவார்கள். போத்தல்கள் உள்ளே குட்டிக்கரணம் அடிக்கும். தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு உருண்டு வரும், காஸ் அதை வளையத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். நிமிர்த்தினாலும் இறங்காது. பலவீனமான போத்தலாக இருந்தால் அந்தச் சுற்றிலேயே வெடிக்கும். கூடு இருப்பதே அதற்காகத்தான். சுற்றுகிறவர் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு சுற்றுவார். புதிதாக வேலைக்கு வந்த பையன் மட்டும் நேரே பார்த்துக்கொண்டு சுற்றுவான், ஒரு வாரத்துக்கு.

குடித்து முடித்த போத்தலை உடைத்துக் கோலியை எடுப்பது ஊர்ப் பிள்ளைகளின் பொருளாதாரம். போத்தலைத் திரும்பப் பெறுவது முதலாளியின் பொருளாதாரம். இந்த இரண்டு பொருளாதாரங்களும் மோதியதில்தான் டெப்பாசிட் என்ற ஏற்பாடு உறுதியானது. பல்லேகலப் பக்கத்துக் கடையில் இதே பேச்சு நானே கேட்டிருக்கிறேன்:

"மொதலாளி, ஒரு நெக்டோ."

"போத்தல் கொண்டாந்தீங்களா?"

"இல்லையே."

"அப்ப இங்கயே நின்னு குடிச்சிட்டுப் போங்க."

உலகத்தின் எந்தப் பெரிய சாப்பாட்டுக் கடையிலும் இவ்வளவு கண்டிப்பாக வாடிக்கையாளரைக் கவனிக்க மாட்டார்கள். கடைசிச் சொட்டு இறங்கும்வரை மொதலாளியின் கண் நம் தொண்டையில்தான் இருக்கும்.

விருதுபட்டியில் ஒரு காளி

1916இல் தமிழ்நாட்டில் விருதுபட்டி என்ற ஊர். விருதுநகர் என்று பெயர் மாறுவதற்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது. காரம், எண்ணெய், பஞ்சு என்று எல்லாச் சரக்கும் விலை பேசுகிற வியாபார ஊர். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் 13 வயதுப் பையன் ஒருவன் மாமாவுக்கு ஒத்தாசையாக இருந்தான். பெயர் காமராஜ். எதிர்காலத்தில் பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தார். அதே ஊரில் அதே வருடம் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் சோடாக் கம்பெனி தொடங்கினார். பெயர் காளி மார்க்.

வெயில் ஊரில் குளிர்பானம் விற்க உக்கிர தேவதையின் பெயர் வைக்கலாமா என்று இன்றைய விளம்பரக்காரர்கள் ஆறு மாதம் கூட்டம் போட்டிருப்பார்கள். அன்று கூட்டம் கிடையாது. சாமி பெயர் இருந்தால் சரக்கு ஏமாற்றாது, அவ்வளவுதான் கணக்கு.

அதே 1916இல் அமெரிக்காவில் கொக்கா கோலா தன் புகழ்பெற்ற வளைந்த இடுப்புப் போத்தலைச் சந்தையில் இறக்கியது. இருட்டில் தடவினாலும், உடைந்து கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்று கட்டளையிட்டுச் செய்வித்த போத்தல். அங்கே இடுப்பு வைத்த போத்தல் கடைக்கு வந்த வருடம்தான், இங்கே காளி பிறந்த வருடம். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தெரிந்திருந்தாலும் விருதுபட்டிக்காரர் முதலில் "போத்தல் என்ன விலை?" என்றுதான் கேட்டிருப்பார்.

கொக்கா கோலாவுக்கும் போத்தலின் அருமை தெரிய நாளாகியிருந்தது. 1899இல் ஏசா கேண்ட்லர் என்ற அதன் முதலாளி, அமெரிக்காவின் பெரும்பகுதியில் போத்தலில் அடைக்கும் உரிமையை இரண்டு வக்கீல்களுக்கு ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு டொலரையும் அவர் வாங்கவேயில்லை என்பார்கள். போத்தலாவது, விற்பதாவது என்ற நினைப்பு. அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஊருக்கொரு குடும்பம் போத்தல் ஆலை வைத்து, பிள்ளை பேரன் காலம்வரை காசு பார்த்தது. ஆக, உலகப் பெரிய கோலாவும் அடியில் பார்த்தால் அப்பன் மகன் நடத்திய சோடாக் கடைகளின் கூட்டம்தான்.

காளி மார்க் மட்டும் யாரிடமும் உரிமை வாங்கவில்லை. பன்னீர் சோடா, கலர் என்று ஊர் நாக்குக்கு ஏற்றதை அடித்து விற்றது. 1950களின் கடைசியில் திராட்சை வாசமும் கோலா நிறமுமாக ஒரு பானத்தைக் கொண்டு வந்தது. போவண்டோ. பிள்ளைகள், பேரன்கள் தலையெடுத்ததும் மதுரை, திருச்சி, கும்பகோணம் என்று ஊர்களில் ஆலைகள் வந்தன. தமிழ்க் குடும்பங்களில் சொத்துப் பிரிப்பது என்றால் நடுவீட்டில் சுவர் எழுப்புவார்கள். இங்கே தாகத்தையே ஊர் வாரியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துச் சோடாவுக்குத் தமிழ்நாட்டு அரசியலிலும் ஒரு நாற்காலி உண்டு. மேடைப் பேச்சு மூன்று மணி நேரம் ஓடும். தலைவர் தொண்டையைச் செருமினால் தொண்டன் சோடாவோடு ஓடுவான். போத்தல் மேடைக்கு மேலே போனால் உபசாரம், மேடையை நோக்கிப் பறந்தால் எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் சப்ளை ஒரே கடை.

சும்மா இருந்தவர்கள்

இனி வருவதுதான் பெரிய கூத்து. கொக்கா கோலா இந்தியாவுக்கு வந்தது 1950. டெல்லியில் மோகன் சிங் என்பவரின் பியூர் டிரிங்ஸ் அதை அடைத்தது. இருபத்தேழு வருடம் ராஜ வாழ்க்கை. 1977இல் ஜனதா அரசு வந்தது, ஜோர்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சரானார். அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியக் கம்பெனியில் பங்கை 40 வீதமாகக் குறை என்றார். குறைத்தால் கூடவே ரகசியக் கலவையும் போய்விடும் என்று பயந்த கொக்கா கோலா மூட்டையைக் கட்டியது. தயாரிப்பு ஆலை இருக்கிறது, போத்தல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, உள்ளே ஊற்றப் பானம் இல்லை என்ற நிலையில் மோகன் சிங் குடும்பம் கம்பா கோலாவைப் பிறப்பித்தது. சௌகான் குடும்பம் தம்ஸ் அப்போடு வந்தது.

அரசாங்கத்துக்கும் ஆசை பிறந்தது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் கலவை செய்து கொடுக்க, அரசுக் கம்பெனியான மாடர்ன் புட் இண்டஸ்ட்ரீஸ் ஒரு கோலாவை இறக்கியது. பெயர் 77, டபுள் செவன். தேர்தலில் ஜெயித்த வருடத்தைப் பானத்துக்குப் பெயராக வைத்தார்கள். ஒரு கட்சி தன் வெற்றியைப் போத்தலில் அடைத்தால் என்ன ஆகும்? காஸ் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம் நிற்கும். 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்தார், 77 போய்ச் சேர்ந்தது.

1990இல் பெப்சி வந்தது. 1993இல் கொக்கா கோலா திரும்பி வந்து, வந்த கையோடு சௌகான்களின் தம்ஸ் அப் கூட்டத்தைச் சுமார் 6 கோடி டொலருக்கு வாங்கிப் போட்டது. கம்பா கோலா நொந்து படுத்து, 2022இல் அம்பானியின் ரிலையன்ஸ் கைக்குப் போய் எழுந்தது. இவ்வளவு கலாட்டாவுக்கும் நடுவில் விருதுநகர்க் குடும்பம் என்ன செய்தது? போவண்டோ அடித்தது. அவ்வளவுதான். பெரிய நகரத்துக் கண்ணாடிக் கடைகளில் இடம் போனபோது, டவுன் பஸ் திரும்புகிற கிராமத்துப் பெட்டிக்கடையில் இருந்துகொண்டார்கள். அங்கே விளம்பரப் பலகை மாட்டுவதற்குச் சுவரும் இல்லை, நடிகரைக் கூட்டிவரத் தார் ரோடும் இல்லை. அதனால் பெரியவர்கள் அந்தப் பக்கம் அவசரமாக வரவில்லை.

"சும்மா இரு" என்று அருணகிரிக்கு முருகன் உபதேசம் செய்ததாகச் சொல்வார்கள். அதைத் தொழில் கொள்கையாக நூறு வருடம் கடைப்பிடித்த கம்பெனி இதுவாகத்தான் இருக்கும். பலனும் வந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியது. மாட்டுக்காக வந்த இளைஞர்கள் கோலா மீதும் பாய்ந்தார்கள். வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் பெப்சியும் கொக்கா கோலாவும் விற்க மாட்டோம் என்றன. தாமிரபரணித் தண்ணீரை அந்தக் கம்பெனிகளுக்குக் கொடுக்கலாமா என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளையிலும் வழக்கு ஓடியது. வணிகர்கள் விற்பனையை நிறுத்திய மறுநாள் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது, அது வேறு கதை. கடைக்காரர்கள் ஐஸ் பெட்டியைத் திறந்து, காலியான இடத்தில் எதை வைப்பது என்று யோசித்தார்கள். 101 வயதுக் காளி மார்க்கின் போவண்டோ அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒரே ராத்திரியில் அவள் புரட்சியின் பானம். அவளிடம் யாரும் கொடி கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

குண்டசாலையில் சும்மா இருக்க முடியாதவர்கள்

இப்போது மறுபடியும் மலை ஏறுவோம். 1920இல் பெரியசாமி சின்னசாமி என்பவர் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். இலங்கையின் காசுக்கு உழைத்தார். 1948இல் சுதந்திரம் கிடைத்தது, அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரே வருடத்தில் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். இந்தக் கணக்கைச் சோடாக் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போத்தலைத் திருப்பித் தரவும், டெப்பாசிட் பற்றிப் பிறகு பேசலாம்.

சின்னசாமி பெண் பிள்ளைகளோடு திருச்சிக்குத் திரும்பினார். மகன்கள் இங்கே நின்றார்கள். அவர்களில் முத்தையா, பல்லேகலவுக்குப் பக்கத்துக் குண்டசாலையில் பிஸ்கட் தொழில் தொடங்கினார். விருதுநகர்க் குடும்பத்துக்குக் கிடைத்த "சும்மா இருக்கிற" வசதி இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1977 ஆகஸ்ட் வன்செயலில் தொழிற்சாலையும் வீடும் எரிந்தன, முத்தையாவும் வெட்டுப்பட்டார். டெல்லியில் ஒரு கோலா சட்டத்துக்குப் பயந்து கிளம்பிய அதே வருடம். அந்தக் கோலாவுக்குப் போகத் தாய்வீடாக அட்லாண்டா இருந்தது. குண்டசாலைக்காரர்கள் போகவில்லை, மறுபடி அடுப்பு மூட்டி பிஸ்கட் சுட்டார்கள்.

அந்த வீட்டு மூத்த பையனுக்கு அப்போது ஐந்து வயது. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவனை, பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ 14 வயதில் சுழற்பந்துக்குத் திருப்பினார். முத்தையா முரளிதரன். 2010 ஜூலை 22, காலியில் பிரக்யான் ஓஜா அடித்ததை மஹேல ஜயவர்தன பிடிக்க, 800ஆவது டெஸ்ட் விக்கெட். அதோடு டெஸ்டிலிருந்து ஓய்வு. அதே மாதம் மத்திய மாகாண சபை, பல்லேகல மைதானத்துக்கு அவர் பெயரை வைக்க ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்த மைதானத்தில் முதல் டெஸ்ட் நடந்தது அந்த வருட டிசம்பரில்தான். அதில் அவர் இல்லை, மழைதான் ஆடியது. பெயர்த் தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது, இன்றும் ஊர் அதைப் பல்லேகல என்றுதான் கூப்பிடுகிறது.

கிரிக்கெட் முடிந்தவர்கள் வழக்கமாக வர்ணனைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கட்சிக்குப் போவார்கள். இவர் வீட்டு வழக்கப்படி ஆலை பக்கம் போனார், இந்தமுறை பானமும் சேர்த்து. சொந்த நாட்டில் சோடா அடிப்பதும் இப்போது லேசான காரியமில்லை. 2016இல் இலங்கை அரசு, கண்டி நகரத்து நெரிசலுக்கு வைக்க வேண்டிய சிக்னல் விளக்கைச் சோடாப் போத்தலில் ஒட்டியது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. மறு வருடம் நவம்பரில் சீனிக்கு ஒரு கிராமுக்கு 50 சதம் வரி. சிவப்பு விளக்கைப் பார்த்து நம்மவர்கள் ரோட்டில் நின்றதில்லை, சோடாவுக்கு மட்டும் நிற்பார்களா என்ன? விலையைப் பார்த்துத்தான் கொஞ்சம் நின்றார்கள்.

2024 ஜூனில் கர்நாடகத்துத் தொழில் அமைச்சர் எம்.பி. பாட்டீல் ஒரு செய்தி சொன்னார். சாமராஜநகர் மாவட்டத்துப் பதனகுப்பேயில் 46 ஏக்கரில் முரளிதரனின் முத்தையா பெவரேஜஸ் அண்ட் கன்பெக்சனரீஸ் குளிர்பான ஆலை அமைக்கப்போகிறது. முதலீடு படிப்படியாக 1,400 கோடி இந்திய ரூபா. 77 கோலாவுக்குக் கலவை போட்ட மைசூர் அங்கிருந்து அதிகத் தூரமில்லை. அரசாங்கம் முழுமூச்சாக இறங்கி மூன்று வருடத்தில் ஊற்றி மூடிய தொழிலை, குண்டசாலையில் ஒருமுறை எரிந்து பிஸ்கட்டில் மீண்ட குடும்பம் எடுத்துப் பார்க்கிறது.

சோடா வியாபாரத்தில் சும்மா இருந்தே ஜெயிக்கலாம் என்று போவண்டோ காட்டிவிட்டது. ஆனால் அது சொந்த ஊர் சொந்தமாகவே இருப்பவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற தந்திரம். மலையகத்துக் குடும்பம் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும், ஓடுகிற திசையையும் அவ்வப்போது இரண்டு தலைநகரங்களில் தீர்மானிப்பார்கள். 1964இல் கொழும்பும் டெல்லியும் ஒரு தோட்டக் குடும்பத்தைக் கேட்ட கேள்வி, "நீ எந்த நாட்டு ஆள்?" அறுபது வருடம் கழித்து அதே குடும்பத்துப் பேரனிடம் இந்திய மண்ணில் கேட்ட கேள்வி, "எத்தனை ஏக்கர் வேண்டும்?"  கேள்வியை மாற்றியது கையிலிருந்த பணம்.